மூத்தவனுக்கு முதல் வாய்

அத்தியாயம் 17

ரேகுவா ஸ்டேஷனில் ரயிலேறி உட்காரும்வரை சுல்மிரா வாயைத் திறக்கவில்லை. கல்யாணமாகி நாற்பது வருடத்தில் இப்படி நடப்பது இதுதான் முதல் தடவை. அமாந்தியூவுக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஆனால் அவருக்கு எதுவும் தாமதமாகத்தான் உறைக்கும், என்ன செய்வது!

நாற்பதாவது கல்யாண நாளுக்கு மகள் தியோலிந்தா வாங்கிக் கொடுத்த டிக்கெட். டோரு ஆற்றை ஒட்டியே, திராட்சை மலைகளுக்கு நடுவில் துவா வரை போய்த் திரும்புகிற அந்தக் காலத்து நீராவி ரயில். மர பெஞ்சு, கரிப்புகை, ஆளுக்கொரு கிண்ணம் போர்ட் ஒயின், பெட்டிக்குப் பெட்டி அக்கார்டியன் வாசிக்கிற பாட்டுக் கோஷ்டி.

"காலம்பூரா தோட்டத்துல குனிஞ்சுக்கிட்டே இந்த ரயிலைப் பாத்தீங்க. ஒரு நாளாவது உள்ள உக்காந்து வெளிய பாருங்க" என்று சொல்லி, இருவரையும் கிட்டத்தட்ட பிடித்துத் தள்ளித்தான் அனுப்பினாள் தியோலிந்தா.

ஏன் தள்ளினாள் என்பது சென்ற வாரம் படித்தவர்களுக்குத் தெரியும். பிரான்ஸிலிருந்து திரும்பி இரண்டு கிலோமீட்டர் தள்ளிக் குடியிருந்தும், பதினோரு வருடமாக முகம் கொடுத்துப் பேசாத அண்ணன் எர்மீனியு, இந்தச் சனிக்கிழமை பிற்பகல் தம்பி வீட்டுப் படியேறப் போகிறார். ஏற்பாடு சுல்மிராவுடையது. தம்பி ரயிலில் சுற்றிவிட்டு வருவதற்குள் அண்ணனை வீட்டுக்குள் உட்கார வைத்துவிட்டால், பிறகு இரண்டு பேருமே ஓட முடியாது என்பது அவள் கணக்கு.

ரயில் கிளம்பியது. ஜன்னல் வழியாக வந்த கரித்தூள் சுல்மிராவின் வெள்ளை ரவிக்கையில் போய் உட்கார்ந்தது.

"இதுக்குத்தான் கறுப்பு போட்டுக்கச் சொன்னேன்" என்றார் அமாந்தியூ.

"கல்யாண நாளன்னிக்குக் கறுப்பா? நீ செத்தப்புறம் போட்டுக்கறேன், கவலைப்படாதே."

அவர் சிரித்தார். பணிப்பெண் கொடுத்த ஒயினை முகர்ந்து பார்த்து, "சின்னப் பிள்ளைங்களுக்குக் குடுக்கற இருமல் மருந்து" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, மிச்சம் வைக்காமல் குடித்தார். மலைச்சரிவில் கல்வரிசைகள் படிப்படியாக ஏறின. இன்னும் பத்து நாளில் அறுவடை. இந்தத் தோட்டத்தில் பழம் முந்திவிட்டது, அந்தத் தோட்டத்தில் சரியாக மருந்தடிக்கவில்லை என்று குறை சொல்லிக்கொண்டே வந்தார் அவர். சந்தோஷமாக இருக்கிறார் என்று அர்த்தம்.

பிஞ்ஞாவ் ஸ்டேஷனில் ரயில் நின்றது. எல்லோரும் இறங்கி சுவரில் பதித்த நீல ஓட்டுச் சித்திரங்களுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். இவர்களும் எடுத்துக்கொண்டார்கள். மறுபடியும் வண்டி நகர்ந்து, ஊர் கண்ணிலிருந்து மறைந்ததும், இதற்கு மேல் சுல்மிராவால் தாங்க முடியவில்லை.

"ஒரு விஷயம் சொல்லணும். கத்தக் கூடாது."

"கத்தற மாதிரி விஷயமா?"

"உன் அண்ணன் வந்திருக்கார்."

அமாந்தியூ பெட்டியைச் சுற்றிலும் பார்த்தார். "எங்கே?"

"இங்க இல்லய்யா, நம்ம வீட்டுல! இந்நேரம் தியோலிந்தா அவர் முன்னாடி ஆலிவ் காய்த் தட்டை வெச்சிருப்பா. அடுப்புல ஆட்டுக்குட்டி வேகுது. நாம போய்ச் சேர்ந்ததும் சாப்பாடு."

அவர் கத்தவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கரித்தூள் விழுந்ததுபோல் கண்ணைத் துடைத்தார்.

"எப்படியிருக்கார்?"

"எப்படியிருப்பார்? பிரான்ஸ்ல முப்பது வருஷம் பெயின்ட் ஃபேக்டரி. மூக்கு எப்பவோ செத்துப்போச்சு, காதும் போச்சு. கோபம் வந்தா இப்பவும் காது மெஷினைக் கழட்டிப் பாக்கெட்ல போட்டுக்கறாராம். அதுக்கப்புறம் கடவுளே கூப்பிட்டாலும் கேக்காது."

"சரி, என்ன சொல்லி அவரை வரவெச்சே?"

சுல்மிரா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "உண்மையைச் சொன்னேன். நீ ஒளிச்சு வெச்ச பாட்டிலைப் பத்தி."

"எந்தப் பாட்டில்?"

"நடிக்காதேய்யா. போன மாசம் நிலவறையில ஒட்டடை அடிச்சப்போ பாத்துட்டேன். மேல் மாடத்துல, பின்னாடி தள்ளி வெச்சிருந்தியே. சுண்ணாம்புப் பொட்டு வெச்ச பாட்டில். உங்கப்பா உன் அண்ணனுக்காக எடுத்து வெச்சதுல கடைசி பாட்டில். அவர் துக்கத்தன்னிக்கு நீ ஊத்தினது வேற பாட்டில்னு அப்பத்தான் புரிஞ்சுது. அதை எடுத்து அவருக்குக் குடுக்கச் சொல்லிட்டேன்."

அமாந்தியூ கையை உருவிக்கொண்டார்.

அந்தச் சண்டையை இங்கே மறுபடி இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். எர்மீனியு பிறந்த வருடம், அவர்கள் அப்பா பெல்மீரு அந்த வருடத்து ஒயினில் பன்னிரண்டு பாட்டிலை மகன் பேரில் படுக்க வைத்தார். இங்கே எல்லா வீட்டிலும் செய்வதுதான். லேபிள் கிடையாது. எந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக ஒரு சுண்ணாம்புப் பொட்டு மட்டும். பெல்மீரு இறந்தபோது பதினொன்று காலியாகி, மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று. எர்மீனியு பிரான்ஸிலிருந்து வந்து சேர இரண்டு நாள் தாமதமாகிவிட்டது. அதற்குள் அமாந்தியூ அந்தக் கடைசி பாட்டிலைத் துக்கம் கேட்க வந்தவர்களுக்குத் திறந்து ஊற்றிவிட்டார். அதுவும் ஹோட்டல் சர்வர் மாதிரி தக்கைத் திருகியை வைத்துத் திறந்தார்.

"காலியாயிடுச்சுண்ணே" என்றார் தம்பி. "பொய் சொல்றே. ஒளிச்சு வெச்சிருக்கே" என்றார் அண்ணன். காது மெஷினைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போனவர்தான்.

தம்பி சொன்னது உண்மை. பாட்டில் காலிதான். ஆனால் அந்தக் காலி பாட்டிலை அவர் அதற்குப் பிறகு என்ன செய்தார் என்பது அவர் ஒருவருக்கு மட்டுமே தெரியும்.

"என்னய்யா இப்படி வெளிறிப் போறே? ஒரு பாட்டில்தானே!"

"இப்பக் குடுக்கச் சொன்னியா, நாம போனப்புறமா?"

"பழைய ஒயினை மூணு மணி நேரம் முன்னாடியே திறந்து வைக்கணும்னு நீதானே சொல்லுவே? அவர் வந்ததும் திறக்கச் சொல்லியிருக்கேன். இடுக்கி போட்டுக் கழுத்தை எடுக்கறது அவருக்குத்தானே தெரியும்."

அமாந்தியூ எழுந்து நின்றார். உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். மகளின் பெயரை இரண்டு முறை தவறவிட்டார்.

---

வீட்டுச் சமையலறையில் எர்மீனியு கைத்தடியைச் சுவரில் சாத்திவிட்டு, அந்தப் பாட்டிலைக் குழந்தையைப் போல மடியில் படுக்க வைத்திருந்தார். கட்டைவிரலால் சுண்ணாம்புப் பொட்டை மெல்லத் தடவினார்.

"அப்பா வெச்ச பொட்டு. அவர் பிரஷ்ஷைத் திருப்பற விதமே தனி."

"அழாதீங்க பெரியப்பா" என்றாள் தியோலிந்தா. ஆலிவ் எண்ணெயும் பூண்டும் அவள் கையெல்லாம்.

"யாரு அழுதது? வெங்காயத்தை அந்தப் பக்கம் தள்ளி வை."

விறகடுப்பின் தணலுக்குள் நீளமான இரும்பு இடுக்கியைச் செருகி வைத்திருந்தார்கள். அது நன்றாகப் பழுத்ததும் பாட்டிலின் கழுத்தைக் கவ்வ வேண்டும். ஒரு நிமிடம் பொறுத்து, ஈரத்துணியால் ஒற்றினால் கழுத்து தக்கையோடு 'டிக்'கென்று கழன்று வரும். பழைய தக்கையைத் திருகினால் பொடிந்து ஒயினில் விழுந்துவிடும். பெல்மீரு இந்த வித்தையை மூத்த மகனுக்கு மட்டும்தான் காட்டிக் கொடுத்தார். முதல் வாயும் மூத்தவனுக்குத்தான். நன்றாக இருக்கிறது, கெட்டுவிட்டது என்று அவன் சொல்லும்வரை வீட்டில் வேறு யாரும் கிண்ணத்தைத் தொடக் கூடாது.

"இன்னும் சிவக்கல" என்றார் எர்மீனியு, தணலைக் கிளறி. "அவசரப்படக் கூடாது. அறுபத்தஞ்சு வருஷம் காத்துக்கிட்டு இருந்திருக்கு."

மேசைமேல் தியோலிந்தாவின் போன் அடித்தது.

"அப்பா! அம்மா உளறிட்டாளா? எனக்குத் தெரியும், பிஞ்ஞாவ் தாண்டாதுன்னு! இருங்க, பெரியப்பா பக்கத்துலயே இருக்கார், ஸ்பீக்கர்ல போடறேன்."

"திறந்தாச்சா? பாட்டிலைத் திறந்தாச்சா?"

"இல்லப்பா, இடுக்கி காயுது. பேசுங்க. பெரியப்பா, அப்பா!"

எர்மீனியு பாட்டிலை மேசைமேல் வைத்தார். தலைமுடியைச் சரிசெய்துகொண்டார், போனில் முகம் தெரியாது என்பது ஞாபகமில்லாமல். பதினோரு வருடத்துக்குப் பிறகு தம்பியிடம் என்ன சொல்வது என்று தொண்டையைச் செருமிக்கொண்டிருக்கும்போதே, போனிலிருந்து அந்தக் குரல் பாய்ந்தது.

"அண்ணே! அந்தப் பாட்டிலைத் திறக்காதே! தொடாதே! ஒரு சொட்டுக்கூட குடிக்கக் கூடாது! அது உனக்கு..."

அதோடு நின்றுவிட்டது. தியோலிந்தா "ஹலோ, ஹலோ" என்று மூன்று முறை கூப்பிட்டுப் பார்த்தாள்.

எர்மீனியு போனையே பார்த்தார். பிறகு மெதுவாகக் காதுக்குக் கையைக் கொண்டுபோனார்.

---

ரயில் குகைக்குள் நுழைந்திருந்தது. ஜன்னலை மூடச் சொல்லி யாரோ கத்தினார்கள், யாரோ சிரித்தார்கள். புகை உள்ளே சுருண்டு வந்தது. பெட்டியில் விளக்கில்லை.

"அமாந்தியூ!" இருட்டில் சுல்மிராவின் குரல் மட்டும் வந்தது. "நீயெல்லாம் ஒரு மனுஷனா? ஒரு பாட்டிலுக்காக, கூடப் பொறந்தவனைப் பார்த்து..."

"அது ஒயின் இல்ல, சுல்மிரா."

"என்ன?"

"அதுக்குள்ள ஒயின் இல்ல. களைக்கொல்லி. தடை பண்ணினாங்களே, அந்தப் பழைய மருந்து. எல்லாரும் கொண்டுபோய் ஒப்படைக்கணும்னாங்க. ஒரு பாட்டில் அளவு மட்டும் எடுத்து வெச்சேன். நம்ம மேல்தோட்டத்துப் புல்லுக்கு வேற எதுவும் கேக்கல. வேற எதுல வெச்சாலும் நீ கண்டுபிடிச்சு வீசிடுவே. அதான் அந்தக் காலி பாட்டில்ல ஊத்தி, தக்கை அடிச்சு, மேல மெழுகு உருக்கி ஊத்தினேன்."

சக்கரத்தின் சத்தம் சுவரில் மோதித் திரும்பி வந்துகொண்டிருந்தது.

"அண்ணனுக்கு மூக்கு கிடையாது. நிறமும் கறுப்பு. அவருக்குத் தெரியாது சுல்மிரா, வாயில வைக்கிற வரைக்கும் தெரியாது. ஒரு வாய் போதும். நம்ம ஜாக்கிந்துவைப் பாத்தோமே."

ஜாக்கிந்து அவர்கள் பக்கத்துத் தோட்டக்காரன். தாகத்துக்குக் கொட்டகையிலிருந்த ஒயின் பாட்டிலை எடுத்து ஒரு வாய் குடித்தான். உடனே துப்பினான். ஒன்றுமில்லை என்று வேலைக்கும் போனான். ஒன்பதாம் நாள் அடக்கம் செய்தார்கள். அன்று ராத்திரி சுல்மிரா அமாந்தியூவை மாதா படத்துக்கு முன்னால் நிறுத்தி, குடிக்கிற பாட்டிலில் விஷத்தை ஊற்றி வைக்க மாட்டேன் என்று சத்தியம் வாங்கினாள்.

குகை முடிந்தது. வெளிச்சம் வந்ததும் அவள் அவரைப் பார்த்தாள். அடிப்பாள் என்று அவர் நினைத்தார், அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தார். அவள் தன் இரண்டு உள்ளங்கைகளையும் மடியில் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான் தூசி துடைச்சேன். எடுத்துக் குடுக்கச் சொன்னதும் நான்தான்."

"சுல்மிரா..."

"போன் பண்ணுய்யா!"

போனில் ஒரு கோடுகூட இல்லை. இந்தக் குகையைத் தாண்டினால் இரண்டு பக்கமும் பாறைதான், துவா வரும்வரை இப்படித்தான். அவர் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் போனைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

சிவப்புத் தொப்பி கார்டு ஓடி வந்தார். "ஐயா, கையை உள்ள எடுங்க, தூண் வருது!"

"வண்டியை நிறுத்துங்க. திரும்பிப் போகணும்."

"இது என்ன பஸ்ஸா, ஐயா?"

"எங்க வீட்டுல ஒருத்தர் விஷம் குடிக்கப் போறார்!" என்றாள் சுல்மிரா.

பெட்டியே திரும்பிப் பார்த்தது. கார்டு நல்ல மனிதர். முகம் மாறிவிட்டது. ஆனால் அவரால் என்ன செய்ய முடியும்? "அம்மா, இங்க நிறுத்தினா ஆறும் மலையும்தான். என் வாக்கிடாக்கியும் இங்க எடுக்காது. பன்னிரண்டு நிமிஷத்துல துவா. அங்க சிக்னல் கிடைக்கும்."

பன்னிரண்டு நிமிடம்! நீராவி எஞ்சின் மூச்சு வாங்கி மூச்சு வாங்கி ஏறியது. பாட்டுக் கோஷ்டி அடுத்த பெட்டியிலிருந்து கைதட்டலோடு உள்ளே வந்தது. இந்த இருவருடைய முகத்தையும் பார்த்த அக்கார்டியன்காரர் நிறுத்திக்கொண்டு, பின்னாலிருந்தவர்களையும் அடக்கினார்.

அமாந்தியூவுக்குத் தன் குரலே காதில் திரும்பத் திரும்ப ஒலித்தது. திறக்காதே, தொடாதே, குடிக்காதே. பதினோரு வருடம் கழித்து அண்ணனிடம் பேசிய முதல் வார்த்தைகள் அவைதான். அண்ணன் சுபாவம் அவருக்குத் தெரியாதா? ஒரு பொருளைத் தொடாதே என்று சொன்னால் போதும், அதை எடுக்காமல் விட மாட்டார். 'விஷம்' என்ற வார்த்தையை முதலில் சொல்லியிருக்கக் கூடாதா? ஏன் சொல்லவில்லை? மகளுக்கு முன்னால், தன் திருட்டுத்தனம் வெளியே வந்துவிடுமே என்று அந்த ஒரு விநாடி நாக்கு தயங்கியது. அந்த ஒரு விநாடியில்தான் குகை வந்தது.

"பயமாயிருக்கு சுல்மிரா."

"எனக்கும்தான்" என்றாள் அவள். ஆனால் அவர் பக்கத்தில் வந்து உட்காரவில்லை.

---

துவா ஸ்டேஷனில் வண்டி முழுவதும் நிற்பதற்குள் அமாந்தியூ குதித்துவிட்டார். முழங்கால் சிராய்த்தது. போனில் இரண்டு கோடு வந்திருந்தது. மணி அடித்தது. ஒன்று, இரண்டு, ஐந்து.

"அப்பா..." தியோலிந்தாவின் குரல் அழுது கரகரத்திருந்தது. "ஏன்ப்பா அப்படிச் சொன்னீங்க? பெரியப்பா..."

"பெரியப்பாவுக்கு என்ன? குடிச்சுட்டாரா?"

"குடிக்கறதாவது! நீங்க சொன்னதைக் கேட்டுட்டுக் காது மெஷினைக் கழட்டிட்டார். 'உனக்கு இல்லைன்னு சொல்ல வந்தான், பாதியில வெட்கம் வந்து வெச்சுட்டான்'னார். நான் கெஞ்சினது எதுவும் அவர் காதுல ஏறல. பாட்டிலைக் கோட்டுக்குள்ள வெச்சுக்கிட்டுக் கிளம்பிப் போயிட்டார். 'எங்கப்பா ஒயினை எங்க வீட்டுல போய்க் குடிச்சுக்கறேன்'னு."

"எப்போ?"

"இப்பத்தான், பத்து நிமிஷம் இருக்கும். ரோடு வழியா."

"தியோலிந்தா, நல்லாக் கேளு. அது ஒயின் இல்ல, விஷம். களைக்கொல்லி. நான்தான் ஊத்தி வெச்சேன். காரணமெல்லாம் அப்புறம் கேட்டுக்கோ. அவர் வாயில வைக்கறதுக்குள்ள போய்ப் பிடுங்கு. காரை எடு!"



"காரை நீங்கதானேப்பா ஸ்டேஷனுக்கு எடுத்துட்டுப் போனீங்க."

ரேகுவா ஸ்டேஷன் வாசலில், எலுமிச்சை மரத்து நிழலாகப் பார்த்து, ரொம்ப அக்கறையாக அவர் நிறுத்திவிட்டு வந்த கார்.

"அப்படீன்னா ஓடு! ஓடும்மா!"

போன் மேசைமேல் விழுகிற சத்தம் கேட்டது. நாற்காலி ஒன்று சாய்ந்தது. கதவு சுவரில் அறைந்தது. பிறகு எதுவுமில்லை.

"ஓடிட்டா" என்றார் அமாந்தியூ. "போனை அங்கேயே போட்டுட்டா."

"எர்மீனியு வீட்டுக்கு ரெண்டு கிலோமீட்டர். மேடு. பத்து நிமிஷம் முன்னாடி போனவரை அவ எப்படிப் பிடிப்பா?" சுல்மிரா விரல்களைக் கடித்தாள். "வெச்சுட்டு வேற யாருக்காவது பண்ணு. பக்கத்து வீட்டுக்குப் பண்ணு."

"அவங்க எல்லாரும் பொர்த்துவுக்குக் கல்யாணத்துக்குப் போயிருக்காங்க."

"அப்ப ஆம்புலன்ஸைக் கூப்பிடு!"

அவர் கையை உயர்த்தி அவளைச் சும்மா இருக்கச் சொன்னார். போனைக் காதோடு இறுக்கினார்.

சமையலறையின் சுவர்க் கடிகாரம் கேட்டது. தணலில் ஏதோ வெடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு பின்பக்கக் கதவு, தோட்டத்துப் படி வழியாக வந்தால் திறக்கும் கதவு, கிறீச்சிட்டது.

ஒரு கைத்தடி. ஒரு காலடி. மறுபடியும் கைத்தடி.

அமாந்தியூவுக்குப் புரிந்துவிட்டது. இடுக்கி! இடுக்கி அங்கேதானே அடுப்பில் இருக்கிறது. அது இல்லாமல் அண்ணன் அந்தப் பாட்டிலைத் திறக்க மாட்டார். தக்கைத் திருகியைத் தொடவே மாட்டார். பாதி வழியில் ஞாபகம் வந்து, குறுக்குப் படி இறங்கித் திரும்பியிருக்கிறார். தியோலிந்தா ரோட்டில் ஓடிக்கொண்டிருக்கிறாள்.

"அண்ணே!" என்று கத்தினார். "அண்ணே! எர்மீனியு! குடிக்காதே! அது விஷம்! விஷம்!"

பிளாட்ஃபாரத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். எஞ்சினுக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவன்கூட குழாயை மூடிவிட்டுப் பார்த்தான்.

"விஷம் அண்ணே! போனை எடு! மேசைமேல போன் இருக்கு!"

"கேக்காதுய்யா" என்றாள் சுல்மிரா. குரல் உடைந்துவிட்டது. "மெஷின் பாக்கெட்ல இருக்கு."

அவள் ஓடிப்போய் அக்கார்டியன்காரரின் கையிலிருந்த போனைப் பிடுங்கினாள். ஆம்புலன்ஸ் எண்ணை அழுத்தினாள். "என் ஊர் பேரு... என் ஊர் பேரு..." நாற்பது வருடமாக வாழ்கிற ஊரின் பெயர் அந்த நேரத்தில் அவள் வாயில் வரவில்லை.

அமாந்தியூவின் காதில் இரும்பு உரசியது. தணலிலிருந்து இடுக்கி வெளியே வந்தது. அண்ணனின் மூச்சு கனமாக இழுத்து இழுத்து வந்தது. ஒரு நிமிடம் ஓடியது. ஈரத்துணி 'சுர்' என்றது.

டிக்.

அவ்வளவு சுத்தமாக. அப்பா செய்வது போலவே.

"அண்ணே..." என்றார் அமாந்தியூ. இப்போது அவரால் கத்தக்கூட முடியவில்லை.

கிண்ணம் மேசையில் வைக்கப்படும் சத்தம். இன்னொன்று. மூன்றாவதும். காது கேட்காதவர்கள் பேசுவதுபோல் உரத்த குரலில் எர்மீனியு பேச ஆரம்பித்தார். சுவரில் மாட்டியிருக்கும் பெல்மீருவின் படத்தைப் பார்த்துத்தான் பேசுகிறார் என்பது தம்பிக்குத் தெரிந்தது.

"பாதி வழியில யோசிச்சேன்ப்பா. தனியா உக்காந்து குடிச்சா அது என்ன ஒயின்? ஏதோ புத்தி கெட்டுச் சொல்லிட்டான். சின்னவன்தானே! இது உங்களுக்கு. இது எனக்கு. இது அவனுக்கு, வந்து குடிக்கட்டும். பதினோரு வருஷம் போதும்."

ஊற்றுகிற சத்தம் மூன்று முறை கேட்டது.

"நான் முதல் வாய் குடிச்சு வைக்கறேன். மூத்தவன் வாய் வைக்காம அவன் கிண்ணத்தைத் தொட மாட்டான். சின்ன வயசுலேருந்தே அப்படித்தான், பாவம்."

அதன் பிறகு போனில் சுவர்க் கடிகாரம் மட்டும்தான் கேட்டது.